முந்நூற்று இருபத்தொரு தெரியாதுகள்

கேள்வியக்காவைப் பற்றி முதன்முதலில் எழுதியவள் நான்தான். மூன்றாம் பக்கத்தில் ஒன்பது வரிச் செய்தி. ‘வீடுகளுக்குப் போகாமலே படிவங்களை நிரப்பிய களப்பணியாளர்’ என்று தலைப்பு. பெயர் போடவில்லை. போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பழைய சாயப்பட்டறைக்குப் பின்னாலிருக்கும் எட்டுத் தெருக்களிலும் டேப்லெட்டும் கையுமாக ஏறி இறங்கியவர் அவர் ஒருவர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடங்களாகக் கருத்துக் கணிப்பு வேலை. எந்த சோப்பு, எந்தப் பற்பசை, எந்த சேனல், யாருக்கு ஓட்டு என்று கேட்டுக் கேட்டே பேருக்கு முன்னால் ‘கேள்வி’ ஒட்டிக்கொண்டு, பிறகு பேரே காணாமல் போய்விட்டது. அழைப்பு மணியை ஒரு தடவைதான் அடிப்பார். அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய், கதவுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் நிற்பார். கதவைத் திறக்கிறவருக்கு, உள்ளே பாய வந்தவள்போலத் தெரியக்கூடாதாம். சமையல் நேரத்தில் போக மாட்டார். “அடுப்புல வேலையா இருக்கிறவங்க எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லிடுவாங்க. அந்தப் பதில் எதுக்கும் உதவாது” என்பார். யாராவது ‘தெரியாது’ என்றால் அழுத்திக் கேட்கவும் மாட்டார். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

மூடிக்கிடந்த சாயப்பட்டறை நிலத்தில் அணுக்கரு இணைவு மின்நிலையம் ஒன்றைக் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. அனுமதி தருவதற்கு முன் சுற்றியுள்ள மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவேண்டும் என்றது ஆணையம். கணக்கெடுக்கும் வேலை கேள்வியக்காவின் ஆபீசுக்கு வந்தது. எட்டுத் தெருக்கள், அறுநூற்று நாற்பது வீடுகள். ஆறு வாரத்தில் அத்தனை வீட்டுக்கும் போய்வந்தார்.

அந்த ஆறு வாரத்தில் கேட்டதையெல்லாம் பின்னாளில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “சூரியனைப் புடிச்சு ஷெட்டுக்குள்ள அடைக்கப் போறாங்களாமே, அதுக்கு எங்க தெருதான் கிடைச்சுதா?” என்றாராம் ஒரு தையல்காரர். வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஒரே சந்தோஷம்: வேலை கிடைக்கும், எதுவாக இருந்தாலும் சரி, நாளைக்கே வரட்டும். ஓய்வுபெற்ற அறிவியல் டீச்சர் ஒருவர் உட்காரவைத்து அரைமணி நேரம் பாடமே நடத்தியிருக்கிறார். “பழைய உலையில அணுவைப் பிளப்பாங்க. இதுல ரெண்டைச் சேர்த்து ஒண்ணாக்குவாங்க. அதனால அந்த மாதிரி வெடிக்காது. ஆனா கழிவு, கதிர்வீச்சு எவ்வளவுன்னு இவங்க காகிதத்தைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரியாதுன்னே குறிச்சுக்கோங்க.” இன்னொரு வீட்டில், “சாயப்பட்டறை வந்தப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க. எங்க கிணத்துத் தண்ணி இன்னைக்கும் கத்தரிப்பூ கலரு” என்று சொல்லி முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்களாம்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது: ஆதரவு நூற்று எழுபத்தொன்று, எதிர்ப்பு நூற்று நாற்பத்தெட்டு, தெரியாது முந்நூற்று இருபத்தொன்று. பாதிக்கு மேல் தெரியாது. கேள்வியக்கா அதை அப்படியே அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்கு, ஏதோ ஷாம்பூவுக்கு, போய்விட்டார்.

அவருடைய மேலாளர் அந்த வருடம் ஒரு புது மென்பொருள் வாங்கியிருந்தார். ஆபீசில் அதற்கு ‘நிரப்பி’ என்று பேர். தெரியாது என்று சொன்னவர்களின் வயது, வேலை, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அதுவே யோசித்துக் கட்டத்தை நிரப்பிவிடும். முந்நூற்று இருபத்தொரு பேரில் முந்நூற்று ஒன்பது பேரை அது ஆதரவில் போட்டது. மீதிப் பன்னிரண்டு எதிர்ப்பு. அறிக்கையில் ‘தெரியாது’ என்ற வரிசையே இல்லை. எழுபத்தைந்து சதவீத மக்கள் ஆதரவு என்று கொட்டை எழுத்தில் வந்தது, கடைசியில் எந்த வீடு எந்தப் பக்கம் என்ற பட்டியலோடு.

தெருவே கொதித்தது. “நான் எப்போ ஆதரவுன்னு சொன்னேன்?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “விசாரிச்சுட்டோம் மேடம். களப்பணியாளர் வீடுகளுக்கே போகல. ஏதோ டீக்கடையில உட்கார்ந்து நிரப்பியிருக்காங்க. வேலையை விட்டு எடுத்தாச்சு” என்றார். நான் அதை எழுதினேன். அந்தக் களப்பணியாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குள் பக்கம் முடியவேண்டியிருந்தது என்பதைத் தவிர அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

அந்த மேலாளரும் கேள்வியக்காவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டிபன் பாக்சில் சாப்பிட்டவர்கள். அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது இவரும் கூடப் போயிருக்கிறார். அவர் படிப்படியாக மேலே போனார், இவர் படிப்படியாக மாடி ஏறிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால், செய்தி வந்த காலையில் இவர் முதலில் போன் செய்தது அவருக்குத்தான். யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள், அவர் சரிசெய்துவிடுவார் என்று நினைத்தாராம். போனை எடுத்த மேலாளர், “அக்கா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. ஊர் மறந்துடும்” என்றார்.

“அப்போதான் புரிஞ்சுது. சொன்னதே இவன்தான்” என்றார் கேள்வியக்கா என்னிடம்.

ஊர் மறக்கவில்லை. அவர் வீட்டுக் கதவில் தாரை ஊற்றினார்கள். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். இரண்டு தெருப் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வியக்காவின் கூடப்பிறந்த அக்கா அந்த எட்டுத் தெருவில் ஒன்றில்தான் குடியிருந்தார். அவரும் தெரியாது என்று சொன்னவர். அறிக்கையில் அவர் வீடும் ஆதரவு. “என் பேரையே வித்துட்டியேடி” என்று போனில் சொல்லிவிட்டு வைத்தவர்தான், அதன்பிறகு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து கேள்வியக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அழுவார், கத்துவார் என்று நினைத்து நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. என் மேஜைக்குப் பக்கவாட்டில் நின்றார்.

“நீங்கதான் எழுதினதா?”

“ஆமாங்க.”

“என்கிட்ட ஏன் கேட்கல?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“சரி. அந்த அறுநூத்தி நாப்பது வீட்டுக்கும் மறுபடி போகப் போறேன். அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு கேட்டு, கையெழுத்து வாங்கப் போறேன். என்னை யாரும் நம்ப மாட்டாங்க. அதனால நீங்க கூட வர்றீங்க. உங்க லீவு நாள் என்னைக்கு?”

“திங்கள்.”

“திங்கக்கிழமை பதினொரு மணி. செருப்பு நல்லதாப் போட்டுட்டு வாங்க.”

கெஞ்சலோ மிரட்டலோ இல்லை. அறுபத்துமூன்றாம் கேள்விக்கு அப்புறம் அறுபத்துநாலாம் கேள்வி என்பதுபோலச் சொன்னார். நான் போனேன். மூன்று மாதம், எல்லாத் திங்கட்கிழமையும் போனேன். மற்ற நாட்களில் அவர் கணவர் கூடப் போனார்.

முதல் வாரம் பத்துக் கதவில் எட்டுக் கதவு திறக்கவில்லை. திறந்த ஒன்றிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்து விழுந்தது. கேள்வியக்கா புடவையை உதறிவிட்டு மணியை இன்னொரு தடவை அடித்தார். அவர் இரண்டாவது தடவை மணி அடித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். “ஊத்திட்டீங்கல்ல? இப்போ கேள்விக்குப் பதில் சொல்லுங்க” என்றார். அந்தப் பெண் மிரண்டுபோய்ப் பதில் சொன்னாள். கணிப்பின்போது தெரியாது என்றுதான் சொல்லியிருந்தாள்.

“உண்மை வெளிய வரணும், அதுதானேக்கா?” என்று ஒருநாள் படியிறங்கும்போது கேட்டேன். எனக்கு அப்போது அவரை ஒரு நல்ல கட்டுரையின் நாயகியாகப் பார்க்கும் ஆசை வந்திருந்தது.

“உண்மையை வெச்சு என்ன பண்றது? எனக்கு அவன் மூஞ்சி மாறுறதைப் பார்க்கணும். நாலு பேர் முன்னாடி, நான் பார்க்கிற மாதிரி மாறணும்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “உன் மூஞ்சி மாறுறதை வாராவாரம் பார்க்கிறேன். அது ஒரு ஓரத்துல இருக்கட்டும்” என்றார். எப்போது நீங்க போய் நீ வந்தது என்று நினைவில்லை.

நாற்பதாவது நாள் அளவில் மருந்துக்கடைக்காரர் வந்தார். மின்நிலைய எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கதவில் தார் ஊற்றியவர்களில் இரண்டு பேர் அவருடைய ஆட்கள் என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெருமுனையில் எங்களை நிறுத்தி, குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார்.

“கேள்வியக்கா, நடந்ததை மறந்துடுங்க. அடுத்த மாசம் பொது விசாரணை வருது. மைக்கை உங்க கையில குடுக்கிறோம். ஒரே ஒரு விஷயம். இந்தத் தெரியாதுங்கிறதெல்லாம் என்ன? பயத்துல சொன்னது. மனசுக்குள்ள எல்லாரும் எதிர்ப்புதான். அப்படியே எதிர்ப்புன்னு போட்டுடுங்க. மேலாளரு ஒரே நாள்ல காலி.”

கேள்வியக்கா பாட்டிலைக் கீழே வைத்தார். “மனசுக்குள்ள பார்க்கிற மெஷினு ஒண்ணு அவன் வெச்சிருக்கான். நீங்களும் ஒண்ணு வெச்சிருக்கீங்களா?”

“இல்லக்கா, உங்க நல்லதுக்குத்தான்…”

“என் நல்லது எனக்குத் தெரியும். ஒரு நம்பர் தப்பா இருந்தாலும் அவன் அந்த ஓட்டை வழியா ஓடிடுவான். அவனை ஓட விடுறதுக்கா நான் மாடி மாடியா ஏறிட்டிருக்கேன்? நகருங்க.”

அதற்குப் பிறகு அவருடைய கறார் இன்னும் கூடியது. பதினேழு பேர் இப்போது எதிர்ப்பு என்று மாற்றிக்கொள்ளக் கேட்டார்கள். மூன்று பேர் ஆதரவு என்று மாற்றக் கேட்டார்கள். யாருக்கும் மாற்றவில்லை. “இன்னைக்கு நினைக்கிறதை இன்னொருத்தர் வந்து கேட்பாங்க. எனக்கு அன்னைக்குச் சொன்னதுதான் வேணும்.” நான் பார்த்த நேர்மையிலேயே மிகக் கண்டிப்பானது அந்தக் கோபத்திலிருந்து வந்ததுதான்.

தன் அக்கா வீட்டைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்தார். அந்தத் திங்கட்கிழமை வேறு வீடே மிச்சம் இல்லை. மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். கம்பிக் கதவுக்குப் பின்னால் அவரைப்போலவே இன்னொருவர், கொஞ்சம் அதிக நரையோடு.

“போன வருஷம் இந்த மின்நிலையத்தைப் பத்தி உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?” சொந்த அக்காவிடம் நீங்க.

“தெரியாதுன்னேன்” என்றார் அக்கா.

“கையெழுத்து.”

கம்பி இடுக்கு வழியாகப் படிவமும் பேனாவும் போய்த் திரும்பி வந்தன. “கையெழுத்துதான் போட்டேன். உள்ள வான்னு சொல்லல” என்றார் அக்கா. “நானும் வர்றேன்னு சொல்லல” என்றார் இவர். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அந்த ஒரு தடவைதான்.

இருபத்திரண்டு வீடுகளில் குடிமாறிப் போயிருந்தார்கள். நான்கு பேர் இறந்திருந்தார்கள். முப்பத்தொரு பேர் கடைசிவரை முடியாது என்றார்கள். மீதி ஐந்நூற்று எண்பத்துமூன்று கையெழுத்துகள் எங்களிடம் இருந்தன. அதில் இருநூற்று எண்பத்தொன்பது பேர், அன்றைக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு மேலாளர் அவர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தார் போகாத கதவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அக்கா, மென்பொருள் வாங்கச் சொல்லி மேலிடத்துல ஒரே அழுத்தம். தப்பு மெஷினோடதுன்னு சொல்லியிருந்தா ஆபீஸையே மூடியிருப்பாங்க. அறுபது பேரோட வேலைக்கா. ஒருத்தர் பேரைச் சொன்னா மத்தவங்க தப்பிப்பாங்கன்னு…”

“அந்த ஒரு பேரு உன் பேரா இருந்திருக்கலாமே?”

அவர் தலை குனிந்தார். “பசங்க படிக்கிறாங்கக்கா.”

“தெரியும். பெரியவனுக்குப் பேரு தேடினப்போ நானும்தான் உட்கார்ந்து தேடினேன். டீ குடிக்கிறியா?”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மன்னித்துவிட்டார் என்றே நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். கேள்வியக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். “குடிச்சாச்சா? விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு. முன்வரிசையில உட்காரு. எனக்குத் தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது.”

நகராட்சி மண்டபம் அன்று நிறைந்து வழிந்தது. மேடையில் ஆணைய அதிகாரி, மின்நிலைய நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். முன்வரிசையில் மேலாளர். வெல்டிங் பட்டறை ஆட்கள் ஒரு பக்கம், மருந்துக்கடைக்காரரின் ஆட்கள் இன்னொரு பக்கம். கேள்வியக்கா முறை வந்ததும் இரண்டு பக்கமும் கூச்சல் போட்டது. அதில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

அவர் படிவக் கட்டுகளை அதிகாரி மேஜையில் வைத்தார். மைக்கைப் பிடித்து, இருபத்திரண்டு வருடம் கதவுகளுக்கு முன்னால் பேசிய அதே குரலில் மேலாளரைப் பார்த்துக் கேட்டார்.

“வணக்கம். உங்ககிட்ட மூணே கேள்வி. ஆமாம், இல்லை, தெரியாது. இதுல ஒண்ணைச் சொன்னாப் போதும். முதல் கேள்வி. தெரியாதுன்னு சொன்னவங்க பதிலை மாத்தி நிரப்புற மென்பொருளை உங்க ஆபீஸ் பயன்படுத்துதா?”

கூச்சல் அடங்கியது. மேலாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, “சொல்லுங்க” என்றார்.

“அது வந்து… கணிப்பு முறைன்னு…”

“ஆமாம், இல்லை, தெரியாது.”

“ஆமாம்.”

“ரெண்டாவது. டேப்லெட்ல ஒவ்வொரு படிவத்துக்கும், அது எந்த இடத்துல எத்தனை மணிக்கு நிரப்பப்பட்டதுன்னு தானாவே பதிவாகும். அந்தப் பதிவு உங்ககிட்ட இருக்கா?”

எனக்கே இது புதிது. மூன்று மாதம் கூட நடந்தவளிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. மேலாளர், “இருக்கு” என்றார்.

“மூணாவது. நான் அந்த அறுநூத்தி நாப்பது வீட்டு வாசல்லயும் நின்னேன்னு அந்தப் பதிவு காட்டுதா?”

அவர் கைக்குட்டையை எடுத்தார். முகம் துடைத்தார். “எனக்கு… அதை இப்போ பார்க்காம… தெரியாதுங்க” என்றார்.

“தெரியாது. சரி, குறிச்சுக்கிறேன்” என்றார் கேள்வியக்கா. “நீங்க சொன்னதை நான் வேற எதாவும் மாத்த மாட்டேன்.”

மண்டபம் சிரித்தது. சாதாரணச் சிரிப்பில்லை, மேலே மின்விசிறி ஆடியது. மேலாளரின் முகம் மாறியது. முதலில் காதுகள், அப்புறம் கழுத்து, கடைசியில் வாய். கேள்வியக்கா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மூன்று தடவை சொன்ன பிறகுதான் கீழே இறங்கினார்.

பதிவுகளை ஆணையம் அன்று மாலைக்குள் வாங்கியது. அறுநூற்று நாற்பது வாசல், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல். அறிக்கை ரத்தானது. மேலாளர் வேலையை இழந்தார். ஆபீஸை ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள். எங்கள் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில் ஒன்பது வரி வந்தது, என் பெயரோடு. ‘அவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை’ என்பது அதில் கடைசி வரி. வாசகம் கேள்வியக்காவுடையது. நான் ‘கேட்கத் தவறிவிட்டேன்’ என்று எழுதிக் காட்டினேன். ‘தவறல, கேட்கல’ என்று அடித்துத் திருத்தினார்.

விசாரணையன்று கூட்டம் கலையும்போது தலைமைப் பொறியாளர் கேள்வியக்காவிடம் வந்தார். “எழுபத்தஞ்சு சதவீதம்னு சொன்னதை நம்பித்தான் நாங்க விளக்கக் கூட்டமே போடல. பாதிப் பேருக்குத் தெரியலன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா வீடு வீடா வந்திருப்போம்” என்றார். “இப்போ வாங்க. மாடிப்படி அங்கேயேதான் இருக்கு” என்றார் கேள்வியக்கா. வந்தார்கள். படங்களோடும் காகிதங்களோடும் ஒரு வருடம் தெருத்தெருவாக வந்தார்கள். அறிவியல் டீச்சர் காகிதத்தையெல்லாம் வாங்கிப் படித்து நாற்பது கேள்வி எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கணிப்பு இன்னும் நடக்கவில்லை. நிலத்தைச் சுற்றி வேலி மட்டும் இருக்கிறது. வேலை தள்ளிப்போனதால் வெல்டிங் பட்டறைக்காரர் இன்றும் கேள்வியக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான். அக்கா பேசுகிறார், போனில் மட்டும், அளவாக.

கதை இங்கே முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். முடியவில்லை.

மேலாளர் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார் என்று தெரிந்ததும், கேள்வியக்கா அங்கே போக ஆரம்பித்தார். மாதம் ஒரு தடவை. எதுவும் வாங்க மாட்டார். குளியலறை டைல்ஸ் காட்டச் சொல்வார். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். வழுக்குமா, கறை பிடிக்குமா, எத்தனை வருடம் வரும் என்று கேட்டுவிட்டு, “நன்றிங்க” என்று வந்துவிடுவார். ஒருநாள் நானும் போனேன். கனமான டைல்ஸைத் தூக்கிக் காட்டிவிட்டு, மேலாளர் ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்துத் திரும்ப அடுக்கினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“போதும்க்கா. ஆளு ஏற்கெனவே விழுந்துட்டாரு” என்றேன் வெளியே வந்ததும்.

“விழுந்தது தெரியுது. எனக்கு இன்னும் ஆறல.”

“எப்போ ஆறும்?”

“ஆறினா சொல்றேன்.”

ஏழாவது மாதம் போனபோது அவர் அங்கே இல்லை. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று சொல்லவில்லை என்றார் கடைக்காரர். கேள்வியக்கா கடைக்காரரிடம், “எந்த பஸ்ல போனாங்கன்னாவது தெரியுமா?” என்று கேட்டார்.